குடும்பப் படங்களை வெளியாள் பார்க்காமல் எங்கே போட்டு வைப்பது?

கல்யாணப் படங்களைச் சொந்தக்காரர்களும் நண்பர்களும் மட்டும் பார்க்க எந்தத் தளம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பார்க்கப்போவது யார் என்று யோசியுங்கள், ஏனென்றால் புதுக் கணக்கு தொடங்கு, பாஸ்வேர்டு போடு என்றால் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

அதனால் பெரும்பாலானோருக்கு கூகுள் ஃபோட்டோஸையே சொல்வேன். லிங்க் அனுப்பினால் போதும், கணக்கு இல்லாமலே பார்க்கலாம். ஆனால் அதே லிங்க் யார் கைக்குப் போனாலும் ஆல்பம் திறக்கும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது எங்கெல்லாம் போகும் என்று நம் கையில் இல்லை. குழந்தைகள் படம் இருந்தால் தயவுசெய்து லிங்க் பகிர்வை அணைத்துவிட்டு, ஆட்களைப் பெயர் பெயராகச் சேருங்கள். படம் எடுத்த இடம் தெரியும் வசதியையும் அணையுங்கள், உங்கள் வீடு எங்கே என்று அது காட்டிவிடும். இலவச இடம் 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான்.

எல்லாரும் ஐபோன் என்றால் ஆப்பிளின் பகிர்வு ஆல்பம் சரி, ஓர் ஆல்பத்தில் 5,000 படம் வரை போடலாம், ஆப்பிள் இணையத்தில் தரும் சேமிப்பு இடமான ஐகிளவுடில் அது கழியாது. ஆனால் படத்தைச் சுருக்கிவிடும், பெரிய பிரிண்ட் போட உதவாது. பிளிக்கர் என்ற படத் தளத்தின் இலவசக் கணக்கில், எல்லாரும் பார்க்காமல் வைக்கும் படங்கள் 50தான், கல்யாணத்துக்கு எந்த மூலைக்கு?

எதை எடுத்தாலும் மூலப் படங்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.