மைக் மாஸ்டர் பதில்கள்

(பதிலளிப்பவர் வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். வட ஆற்காட்டுப் பகுதியின் கபடி, கைப்பந்துப் போட்டிகளிலும் மாடு விடும் விழாக்களிலும் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்லி வருகிறார். விளையாட்டு வர்ணனையாளர்கள் இணையத்தில் வாங்கும் வசவுகளைப் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.)

மாஸ்டர், எனக்கு 23 வயது. உள்ளூர்க் கபடிப் போட்டிகளை யூடியூபில் நேரலையாகக் காட்டும் நண்பர்களுக்காக வர்ணனை சொல்கிறேன். சென்ற மாதம் ஓர் இரவு ஆட்டத்தில் 5ஆம் எண் சட்டையும் 6ஆம் எண் சட்டையும் குழம்பி, பிடிபடாத பையனை அவுட் என்று சொல்லிவிட்டேன். விடிவதற்குள் நூற்றுக்கணக்கில் கமெண்ட். என் அம்மாவைக்கூட விட்டுவைக்கவில்லை. இப்போது மைக்கைக் கையில் எடுத்தாலே தொண்டை அடைக்கிறது. விட்டுவிடட்டுமா?
— க., குடியாத்தம்

விடாதே தம்பி. ஆனால் "கண்டுகொள்ளாதே, துடைத்துப் போட்டுவிடு" என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் மைக் பிடித்தவர்கள் அல்லர்.

1993 தை மாதம். அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் மாடு விடும் விழா. நம் பக்கத்து விழா உனக்குத் தெரியும், மாட்டை யாரும் அடக்குவதில்லை. தடுப்புக் கட்டிய தெருவில் குறித்த தூரத்தைக் குறைந்த நொடியில் ஓடிக் கடக்கும் மாட்டுக்குப் பரிசு. அன்றைக்குக் கையில் பிடிக்கும் ஸ்டாப் வாட்ச்தான். எல்லைக் கோட்டில் நிற்பவர் நொடியைச் சீட்டில் கிறுக்கி ஒரு சிறுவனிடம் கொடுத்தனுப்புவார், நான் மேடையில் நின்று வாசிப்பேன். 11 என்று எழுதியிருந்ததை நான் 17 என்று வாசித்துவிட்டேன். மாட்டுக்காரர் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நேரே மேடையேறினார். "என் மாடு என்ன நொண்டி மாடா, வாத்தியாரே?" என்று அவர் கேட்டதும் மைக்கில் விழுந்து ஊர் முழுக்கக் கேட்டது. எனக்குக் கை நடுங்கியது. சீட்டைக் காட்டினேன். மகனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். நான் திருத்திச் சொன்னேன். "இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தடவையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் இறங்கினார். சாயங்காலம் பந்தலைப் பிரிக்கும்போது அவரே வந்து, அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கறிக்குழம்பு. காரம் கொஞ்சம் தூக்கல்.

உன் கதையில் அந்த மாட்டுக்காரர் இல்லை. அந்த 5ஆம் எண் பையன் உன்னைத் திட்டியிருந்தால் அவனைத் தேடிப் போய் இரண்டு வார்த்தை பேசியிருப்பாய், தீர்ந்திருக்கும். அங்கே நடந்தது வேறு. முதல் பத்துப் பேர் ஆட்டத்தைப் பார்த்துத் திட்டியிருப்பார்கள். மீதிப் பேர் அந்தப் பத்துப் பேரைப் பார்த்துத் திட்டியிருப்பார்கள். இதில் நீ யாரிடம் போய்ச் சீட்டைக் காட்டுவாய்?

இனி தொழிலுக்கு வருகிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்பே இரண்டு அணி மேலாளர்களிடமும் சட்டை எண்ணோடு பெயர்ப் பட்டியல் வாங்கிவிடு. ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர், அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள். இரவு விளக்கில் 5, 6, 8 மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆகவே எண்ணோடு ஓர் அடையாளமும் குறித்து வை: முழங்கால் பட்டை, மீசை, ஏதாவது. பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து விரலால் எண்ணைக் காட்டட்டும். தப்பாகச் சொல்லிவிட்டால் அடுத்த ரெய்டு தொடங்குவதற்குள் ஒரே வரியில் திருத்து. மழுப்பாதே, சிரித்துச் சமாளிக்காதே. ஒரு ரெய்டு முப்பது நொடி. உன் தவறுக்கு அவ்வளவு ஆயுள் போதும்.

இன்னொன்று. நேரலை ஓடும் போனை உன் கண்ணுக்கு எதிரில் வைத்துக்கொண்டு பேசுகிறாய் என்று நினைக்கிறேன். உன் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு கண் களத்தில், ஒரு கண் கீழிருந்து ஏறி வரும் கமெண்டில். அந்தப் போனைத் திருப்பி வை. நீ 6ஐ 5 என்று சொன்ன அந்த நொடியில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று யோசித்துப் பார். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

இணையத்தில் திட்டு வாங்குவதால் தொலைக்காட்சி வர்ணனையாளர்களின் வேலையே போய்விடுமா? ஹர்ஷா போக்ளேவுக்கு அப்படித்தான் நடந்ததாகச் சொல்கிறார்களே?
— மு. ச., ஆற்காடு

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 2016 மார்ச் 23, பெங்களூரு, டி20 உலகக் கோப்பை. வங்கதேசத்தை இந்தியா ஒரே ரன்னில் வென்றது. அன்றிரவு அமிதாப் பச்சன், இந்திய வர்ணனையாளர் பிற நாட்டு வீரர்களைவிட நம் வீரர்களைப் பற்றி அதிகம் பேசினால் நன்றாக இருக்கும் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். பெயர் சொல்லவில்லை. இந்தியக் கேப்டன் தோனி அதை எடுத்துப் பகிர்ந்தார். தாம் பேசிய ஆங்கில ஒளிபரப்பை வங்கதேசத்தவரும் கேட்கிறார்கள், இரு தரப்புக்கும் நியாயமாகப் பேச வேண்டியிருக்கிறது என்று போக்ளே விளக்கினார். அடுத்த மாதம் ஐ.பி.எல். தொடங்கியபோது வர்ணனைக் குழுவில் அவர் இல்லை. காரணத்தைத் தமக்கு யாரும் சொல்லவில்லை என்று அவரே எழுதினார். 2017இல் திரும்பி வந்தார். ட்வீட்டால்தான் போனார் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தால், திரும்பி வந்த முதல் நாள் எதிரணிக்காரன் சிக்ஸர் அடிக்கும்போது என் குரல் அரைக் கட்டை இறங்கியிருக்கும். எனக்குப் பயமாக இருப்பது அந்த அரைக் கட்டைதான்.

இப்போதைய வர்ணனையைக் கேட்டுப் பாருங்கள். மட்டையின் உள்விளிம்பில் பட்டு, ஸ்டம்பை உரசாமல் தப்பி எல்லைக்கு ஓடிய பந்துக்கும் "அபாரம்!" கையில் விழுந்த கேட்சை நழுவவிட்டவருக்கும் "நல்ல முயற்சி!" இவர்களுக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை. பாதிப் பேர் இந்தியாவுக்கு ஆடியவர்கள். எந்த நட்சத்திரத்தின் ரசிகர் படை நாளைக் காலை தன் பக்கத்தில் வந்து இறங்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முன்னாள் இந்திய வீரரும் வர்ணனையாளருமான சஞ்சய் மஞ்ச்ரேக்கரை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019 உலகக் கோப்பையின்போது ரவீந்திர ஜடேஜாவைத் துண்டு துக்கடா ஆட்டக்காரர் என்ற பொருளில் சொன்னார். உங்களைப் போல இரு மடங்கு ஆட்டம் ஆடியவன் நான் என்று ஜடேஜா ட்விட்டரிலேயே வெளுத்து வாங்கினார். நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் அதே ஜடேஜா 59 பந்தில் 77 ரன் எடுத்தார். இந்தியா தோற்றது, ஆனாலும் மஞ்ச்ரேக்கர் தம் கணிப்பு தப்பாகிவிட்டதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எனக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. அவர் கருத்துச் சொன்னார், ஆட்டக்காரர் மட்டையால் பதில் சொன்னார், இவர் ஏற்றுக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். அவர் வாய் திறந்த போதெல்லாம் அந்த ஒரு சொல்லை எடுத்து அவர் மேலேயே எறிந்துகொண்டிருந்த கூட்டத்தைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். விளையாட்டு வர்ணனையாளர் ஆக வேண்டும் என்கிறாள். பெண் பிள்ளைகளை இணையத்தில் என்னென்ன எழுதுகிறார்கள் என்று பார்த்தாலே பயமாக இருக்கிறது. தடுப்பதா, விடுவதா?
— ஒரு தாய், ராணிப்பேட்டை

உங்கள் பயம் வீண் பயம் அல்ல அம்மா. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த டி20 ஆட்டத்தில் இந்திய வீரர் ஸ்டூவர்ட் பின்னி ஒரே ஓவரில் 32 ரன் கொடுத்தார். பந்து வீசியவர் கணவர். வசவு வாங்கியவர் தொகுப்பாளரான மனைவி மயந்தி லாங்கர். இங்கிலாந்தில் காரென் கார்னி, அந்நாட்டு அணிக்கு ஆடிய கால்பந்து வீராங்கனை. 2020 டிசம்பரில் லீட்ஸ் அணியைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒரு கருத்துச் சொன்னார். அந்தக் கிளப்பின் அதிகாரப்பூர்வ ட்விட்டர் கணக்கே அந்தத் துண்டை எடுத்துப் போட்டுக் கேலி செய்தது. பின்னாலேயே படை கிளம்பியது. சில நாட்களில் கார்னி தம் கணக்கையே அழித்துவிட்டார். இதையே ஓர் ஆண் சொல்லியிருந்தால் "தப்பான கணிப்பு" என்று எழுதியிருப்பார்கள். பெண் சொன்னால் சமையலறைக்குப் போகச் சொல்கிறார்கள்.

ஆனால் இன்னொன்றையும் உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். 2024 டிசம்பர் பிரிஸ்பேன் டெஸ்டில் இங்கிலாந்தின் முன்னாள் வீராங்கனையும் வர்ணனையாளருமான ஈசா குஹா, இந்தியப் பந்துவீச்சாளர் பும்ராவைப் பாராட்டப் போய், குரங்கினத்தையும் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார். இணையம் கொதித்தது. மறுநாள் அதே ஒளிபரப்பில் மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் இருந்த ரவி சாஸ்திரி, நேரலையில் இப்படி மன்னிப்புக் கேட்கத் துணிச்சல் வேண்டும் என்றார். அத்துடன் குஹா ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார். அந்தக் கொதிப்பில் நியாயமும் இருந்தது, அவர் அதற்கு மட்டும் பதில் சொன்னார்.

விடுங்கள் அம்மா. தொடக்கத்தில் ஓராண்டு அவள் கணக்கின் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும். என்ன எழுதுகிறார்கள் என்று முதலில் நீங்கள் பாருங்கள். திருத்தம் இருந்தால் அவளுக்குச் சொல்லுங்கள். மிரட்டல் இருந்தால் படம் பிடித்து வைத்துக்கொண்டு சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். மற்றதெல்லாம் உங்களோடு போகட்டும்.

மாதாமாதம் காசு கட்டிப் பார்க்கிறோம். வர்ணனை பிடிக்கவில்லை என்றால் திட்டக்கூடவா உரிமை இல்லை?
— வி., காட்பாடி

தாராளமாக உண்டு. நானும் திட்டியவன்தான். எண்பதுகளில் சேப்பாக்கம் டெஸ்ட் என்றால் வானொலியில் தமிழ் வர்ணனை. அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி. அவர்கள் பேசினால் பந்து நம் வீட்டுத் திண்ணையில் வந்து விழும். ஒரு நாள் ஓர் ஓவர் முழுக்க ஸ்கோரே சொல்லவில்லை என்று எனக்கு ஆத்திரம். பதினைந்து காசு அஞ்சலட்டை வாங்கி, நுணுக்கி நுணுக்கி இடமில்லாமல் எழுதினேன். மறுநாள் தபால் பெட்டிக்குப் போகிற வழியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாகக் காட்டினேன். "ஸ்கோர் சொன்னார்களே, உன் டிரான்சிஸ்டரில் பேட்டரி இறங்கியிருக்கும்" என்றார். இறங்கித்தான் இருந்தது. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உங்கள் போனில் தபால் பெட்டிக்குப் போகிற வழி கிடையாது, அதுதான் சிக்கல்.

நீங்கள் பேசும் விழாக்களும் இப்போது நேரலையில் வருகின்றனவே, கமெண்டுகளைப் படிப்பீர்களா?
— ஜெ., ஆம்பூர்

நான் படிப்பதில்லை. பேத்தி படித்து, எது என் காதுக்கு வரலாம் என்று அவளே முடிவு செய்கிறாள். "கிழவனை இறக்குங்கள்" என்பதை மறைத்துவிடுவாள், அவள் சிரிக்கிற சிரிப்பில் எனக்குத் தெரிந்துவிடும். இந்தத் தையில் ஒருவர் எழுதியிருந்ததை மட்டும் போனோடு கொண்டுவந்து காட்டினாள்: "மூன்றாவது மணி நேரத்திலிருந்து ஐயாவுக்கு மூச்சு வாங்குகிறது. மாட்டின் பெயரில் கடைசி எழுத்து கேட்கவில்லை. யாராவது தண்ணீர் கொடுங்கள்." பதிவைப் போட்டுக் கேட்டேன். உண்மைதான், "மின்னல்" என்று நான் சொன்னது "மின்ன" என்றுதான் விழுந்திருக்கிறது. இப்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் மைக்கை வைத்துக்கொள்வதில்லை. அடுத்த பையனிடம் கொடுத்துவிட்டு, மேடைக்குக் கீழே நிழலில் உட்கார்ந்து அவனுக்குச் சீட்டு வாசித்துக் கொடுக்கிறேன். 7க்கு நடுவில் ஒரு கோடு போடச் சொல்லிவிட்டேன்.