வைண்டரில் மாட்டிய வாட்ச் கெட்டால் யாரிடம் கேட்பது?

கேள்வி: எனக்கு, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்ச் சேர்க்கும் பழக்கம் உண்டு. எட்டு மாதத்துக்கு முன் நான்கு வாட்ச் மாட்டி, கையில் கட்டாத நேரத்தில் அவற்றைச் சுழற்றிச் சாவி ஏற்றும் வைண்டர் பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். 'எல்லா ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்கும் ஏற்றது' என்று விளம்பரம். ஆனால் என் குரோனோகிராப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச்) பல நாளாக அதில் சுற்றியும் நின்று நின்று போகிறது. இன்னொரு வாட்ச் தினமும் பல நிமிடம் வேகமாக ஓடுகிறது. மூன்றாவது வாட்ச் அதைக் கட்டியிருந்த குஷனோடு நழுவி, வைண்டரின் மூடியில் உரசி, கேஸில் (வாட்ச்சின் வெளிக்கூட்டில்) கீறல் விழுந்துவிட்டது. ஓயாமல் சாவி ஏறியதில் ஸ்பிரிங்கும் கெட்டிருக்குமோ என்று சந்தேகம். விற்றவரோ, 'வாரண்டி வைண்டருக்குத்தான், வாட்ச்சுக்கு இல்லை; செட்டிங்கை நீங்கள்தான் தப்பாக வைத்திருப்பீர்கள்' என்கிறார். வழக்குப் போடலாமா? இனி எந்த மாதிரி வைண்டரை நம்பி வாங்கலாம்? அவ்வப்போது ஒரு வாட்ச்சை விற்று இன்னொன்று வாங்குவேன், அது தடையாகுமா?

பதில்: போடலாம். ஆனால் நீங்கள் சொல்லும் நான்கு குறைகளும் ஒரே பலம் உள்ளவை அல்ல. ஒன்றை இப்போதே விட்டுவிடுங்கள்.

விட வேண்டியது ஸ்பிரிங் புகார். ஆட்டோமேட்டிக் வாட்ச்சின் மெயின்ஸ்பிரிங் முழுதாகச் சுருண்டதும், அதன் வெளிமுனை டிரம்மின் சுவரில் வழுக்கிக்கொடுக்கும்படிதான் செய்திருப்பார்கள். அதனால் வைண்டர் எவ்வளவு சுற்றினாலும் அளவுக்கு மேல் சாவி ஏறாது. ஓயாத சுழற்சியில் தேய்மானம் கூடும் என்று சொல்லலாம், ஆனால் எட்டு மாதத்தில் அதை நிரூபிப்பது கடினம். எதிர்தரப்பு ஒரு வாட்ச் மெக்கானிக்கை அழைத்து வந்து இந்த ஒரு புகாரை உடைத்தால், மற்ற மூன்றின் மேலும் நுகர்வோர் ஆணையத்துக்கு நம்பிக்கை குறைந்துவிடும். புகார் மனுவில் சேர்க்காத குற்றச்சாட்டை யாராலும் தோற்கடிக்க முடியாது.

உங்கள் கையில் இருப்பதில் பலமானது நின்றுபோகும் குரோனோகிராப். மெக்கானிக்கிடம் பின்பக்கம் திறந்து பார்க்கச் சொல்லி, உள்ளே என்ன எந்திரம் என்று கேளுங்கள். பல குரோனோகிராப்களில் இருக்கும் வால்ஷூ 7750 போன்ற எந்திரங்களில் ரோட்டார் (சாவி ஏற்ற உள்ளே சுழலும் எடை) ஒரு திசையில் சுழலும்போதுதான் சாவி ஏறும்; மறுதிசையில் சும்மா சுழலும். எட்டா 2824 போன்றவற்றில் இரு திசையிலும் ஏறும். ஒரு நாளைக்கு இத்தனை சுற்று வேண்டும் என்ற கணக்கும் எந்திரத்துக்கு எந்திரம் மாறும். பெரும்பாலும் 650 முதல் 950 வரை. உங்கள் வைண்டரில் திசையை மாற்றும் வசதியே இல்லையென்றாலோ, நான்கு இடத்துக்கும் சேர்த்து ஒரே செட்டிங்தான் என்றாலோ, 'எல்லா ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்கும் ஏற்றது' என்ற வரி பொய். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இப்படிப்பட்ட விளம்பரத்தை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. 'செட்டிங் தப்பு' என்ற பதிலும் அங்கேயே விழுந்துவிடும்: எந்த வாட்ச்சுக்கு எந்த செட்டிங் என்று கையேட்டில் எழுதியிருந்தார்களா? சரியான பயன்பாட்டுக்குப் போதிய வழிகாட்டுதல் தராததையே, தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் காரணங்களில் ஒன்றாக அதே சட்டத்தின் 84-வது பிரிவு சொல்கிறது.

ஒரு விஷயம் மட்டும் முதலில் சரிபாருங்கள். வாட்ச்சைக் கையால் முழுதாகச் சாவி கொடுத்து, வைண்டரில் வைக்காமல் மேசையில் வையுங்கள். அப்போதும் சீக்கிரம் நின்றுவிட்டால் கோளாறு வாட்ச்சில்தான். இந்தச் சோதனையை நீங்கள் செய்யாவிட்டால் எதிர்தரப்பு செய்யும்.

அடுத்தது கீறல் விழுந்த வாட்ச். 'வாரண்டி வைண்டருக்குத்தான்' என்ற வாதம் இங்கே முழுமையானதல்ல. அதே சட்டத்தின் பொருள் பொறுப்பு (product liability) என்ற அத்தியாயத்தில், குறையுள்ள பொருளால் வேறொரு உடைமைக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. வாரண்டி நிபந்தனையை மீறியதால் மட்டும் உண்டான சேதம் அந்த அத்தியாயத்தின் 'தீங்கு' என்ற வரையறைக்குள் வராது. எனவே மனுவை 'வாரண்டியை மீறினார்கள்' என்று தொடங்காதீர்கள். 'குஷனைப் பிடிக்கும் கிளிப் வாட்ச்சின் எடையைத் தாங்கவில்லை, இது வடிவமைப்புக் குறை' என்று எழுதுங்கள். கூடவே, அலட்சியத்தால் ஏற்பட்ட இழப்பு என்று தனித் தலைப்பிலும் கேளுங்கள். கிளிப்பை அருகில் வைத்துப் படம் எடுங்கள்: எந்தப் பக்கம் விரிந்திருக்கிறது, குஷனில் எங்கே தேய்ந்திருக்கிறது, மூடியின் உட்புறத்தில் உரசிய தடம் எந்த உயரத்தில் இருக்கிறது. அந்தத் தடமும் கேஸின் கீறலும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் காட்டும் படம், பத்துப் பக்க வாதத்தைவிட மேல்.

வேகமாக ஓடும் வாட்ச் மூன்றில் பலவீனமானது. வாட்ச்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் அதன் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் வேகமெடுக்கும், உண்மைதான். மோட்டாருக்குச் சரியான மறைப்பு இல்லாத மட்டமான வைண்டர் காரணமாகவும் இருக்கலாம். ஆனால் ஸ்பீக்கரும் டேப்லெட் உறையும் கைப்பையின் காந்தப் பூட்டும் இதையே செய்யும். எதிர்தரப்பு அவற்றைத்தான் அடுக்கும். திசைகாட்டியை வைண்டரின் அருகே வைத்து முள் ஆடுவதை வீடியோ எடுத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். மோட்டாருக்குள் காந்தம் இருப்பதால் முள் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். வாட்ச் இருக்கும் இடத்தில் அதன் அளவு எவ்வளவு என்பதுதான் கேள்வி. காந்தத்தை நீக்குவதோ சர்வீஸ் சென்டரில் சில நொடி வேலை. இதைத் துணைப் புகாராக வையுங்கள், போதும். சர்வீஸ் சென்டர் கொடுக்கும் சீட்டில் மட்டும் கவனம் வேண்டும். 'வேகமாக ஓடுகிறது, சரிசெய்யப்பட்டது' என்ற வரியால் பயனில்லை. 'காந்தம் ஏறியிருந்தது, நீக்கியபின் இயல்பாக ஓடுகிறது' என்று தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் வைண்டரைத் திறந்து உள்ளே பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். ஸ்க்ரூ ஒன்று கழன்றிருந்தாலே 'பொருளை மாற்றியமைத்திருக்கிறார்' என்று கிளம்புவார்கள். தவறாகப் பயன்படுத்திய, மாற்றியமைத்த பொருளுக்கு விற்பவர் மேல் பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது என்று 87-வது பிரிவு சொல்கிறது. பரிசோதனை தேவைப்பட்டால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும். கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், நோட்டீஸ் போனதும் அந்த வரி காணாமல் போகலாம். மின்னணு ஆவணம் என்பதால், பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றையும் சேர்த்துவிட்டால் பின்னால் தொல்லையில்லை.

வாட்ச் விற்று வாங்குவது பற்றி: வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது சட்டம். சேகரிப்பில் ஒன்றைக் கொடுத்து இன்னொன்று வாங்குவது மட்டும் உங்களை வியாபாரி ஆக்காது. ஆனால் விற்பனைக்கென்றே தனிக் கணக்கு வைத்திருந்தாலோ, வைண்டரின் பில்லை நிறுவனத்தின் பேரில் ஜிஎஸ்டி எண்ணோடு வாங்கியிருந்தாலோ அந்த ஆட்சேபணைக்கு உயிர் வந்துவிடும். பில்லை எடுத்துப் பாருங்கள்.

யார் யார் மேல் புகார்? விற்றவர், இறக்குமதியாளர், விற்பனைத் தளம். பெட்டியின் ஸ்டிக்கரில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். விற்றவரின் முழு முகவரி தெரியாவிட்டால் தளத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாங்கியவர் கேட்டால் அதைத் தர வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அது நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். வாட்ச்சுகளின் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும், வைண்டருக்குக் கொடுத்த விலைதான் கணக்கு. அது 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. காலவரம்பு 2 ஆண்டு, உங்களுக்கு நேரம் இருக்கிறது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடவும் முடியும். நோட்டீஸ் போனதும் 'புது வைண்டர் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள்' என்று வந்தால், அதில் 'இத்துடன் எல்லாக் கோரிக்கையும் முடிந்தது' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கீறல் விழுந்த வாட்ச்சுக்கு அப்புறம் எதுவும் கேட்க முடியாமல் போகும்.

சரி, அடுத்த வைண்டர். முதலில், எத்தனை வாட்ச்சுக்கு அது உண்மையிலேயே வேண்டும் என்று பாருங்கள். பெர்பெச்சுவல் காலண்டர் போல, நின்றுபோனால் மறுபடி நாள், மாதமெல்லாம் சரிசெய்யப் பாடுபடுத்தும் வாட்ச்சுக்கு வைண்டர் உதவும். வெறும் தேதி காட்டும் வாட்ச் நின்றால் நிற்கட்டும். வாங்குவதானால் ஒவ்வொரு இடத்துக்கும் சுற்று எண்ணிக்கையும் திசையும் தனித்தனியாக மாற்ற முடிய வேண்டும். நடுநடுவே ஓய்வு விட வேண்டும். குஷன் உங்கள் கையின் அளவுக்கு விரியவும் சுருங்கவும் வேண்டும்.

இவற்றையெல்லாம்விட, பணம் கட்டுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'என் வாட்ச் இன்ன மாடல், இன்ன எந்திரம், எடை இவ்வளவு. உங்கள் வைண்டர் இதற்குப் பொருந்துமா? எந்த செட்டிங் வைக்க வேண்டும்?' நோக்கத்தைச் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்த நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 16-வது பிரிவு. நீங்களாகவே பிராண்ட் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு மெலிந்துபோகும். பதில் சொல்ல மறுப்பவரிடமும், 'எல்லாவற்றுக்கும் பொருந்தும் சார்' என்று போனில் மட்டும் சொல்பவரிடமும் வாங்காதீர்கள். வந்ததும் விலை உயர்ந்த வாட்ச்சை மாட்டாமல், கனமான பழைய வாட்ச் ஒன்றை மாட்டி, திருப்பித் தரும் கெடு முடியும்வரை ஓடவிடுங்கள்.