கார் டயர் விலைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? விலை கூடிய டயர் வாங்குவதில் பயன் உண்டா?

உங்கள் கார் எந்த வீதியில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது இது. மாரி காலத்தில் ஏ9 வீதியால் இரவில் கொழும்புக்குப் போய்வருபவர் என்றால், விலை கூடிய டயரையே வாங்குங்கள். மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்துக் கிரவல் வீதிகளுக்குள் மட்டும் ஓடும் காருக்கு அந்தக் காசு தேவையில்லை.

கிளிநொச்சியில் 175/65 ஆர் 14 என்ற ஒரே அளவுக்கு ஒரு கடையில் சொல்லும் விலை, பக்கத்துக் கடையில் இரண்டு மடங்காக இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். கடைக்காரரின் இலாபம் அதில் ஒரு பங்குதான். பெரிய வேறுபாடு டயருக்குள்ளேயே இருக்கிறது.

ரப்பருக்கு உறுதி கொடுப்பதற்கு முன்பு கரிப்பொடியையே கலந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் மிச்செலின் நிறுவனம் கரிப்பொடியில் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்த்தது. ஈரவீதியில் பிடிப்புக் கூட்டினால் பெற்றோல் செலவு ஏறும், பெற்றோலை மிச்சம் பிடித்தால் பிடிப்புக் குறையும் என்ற பழைய இழுபறியைச் சிலிக்கா பெருமளவு தளர்த்தியது. ஆனால் சிலிக்கா ரப்பருடன் இலகுவில் சேராது. சேர்ப்பதற்குத் தனி இரசாயனம் வேண்டும், கலக்கும் நேரமும் கூடும். விலை ஏறத் தொடங்குவது அங்கேதான். உள்ளே போடும் அடுக்குகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. கடையில் டயரைச் சுழற்றி, பக்கச்சுவரில் பொடி எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். பொலியெஸ்டர் எத்தனை அடுக்கு, உருக்குக் கம்பி எத்தனை, நைலோன் உண்டா என்று பல டயர்களில் அச்சிட்டிருப்பார்கள். உருக்குக்கு மேல் வரும் நைலோன் அடுக்கு, வேகமும் சூடும் ஏறும்போது டயர் உருக்குலையாமல் பிடித்துக்கொள்வது. எங்கள் வெயிலுக்கு அது முக்கியம்.

மிச்சம் நாட்டு நிலைமை. 2020இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டில் டயரும் அகப்பட்டது. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 வரை போனது. களனியில் தயாராகும் சியெற் டயருக்கு இறக்குமதி வரி இல்லை என்றாலும், செயற்கை ரப்பர் போன்ற மூலப்பொருட்கள் டொலரிலேயே வருகின்றன. அதனால் உள்ளூர் டயரும் அந்த அடிக்குத் தப்பவில்லை.

கொடுக்கும் காசு எங்கே திரும்பி வருகிறது? ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போது. மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் இரவில் போனவர்களுக்குத் தெரியும்: மழை விட்ட கையோடு மாடுகள் தார்வீதிக்கு ஏறிப் படுத்துவிடும். கறுப்பு எருமை என்றால் வெளிச்சம் அதன் கண்ணில் படும்வரை வீதியும் அதுவும் ஒரே நிறம். 2012இல் ஐரோப்பாவில் டயர்களைத் தரம்பிரித்துக் காட்டும் லேபிள் வந்தபோது கொடுத்த விளக்கத்தின்படி, 80 கிலோமீற்றர் வேகத்தில் முழு பிரேக் பிடித்தால், ஈரப்பிடிப்பில் முதல்தர டயர்கள் நான்கும் பூட்டிய கார், கடைசித் தர டயர்கள் பூட்டிய காரைவிட 18 மீற்றர் வரை முன்னதாகவே நிற்கும். அத்தனை தூரத்தில் மாடு தப்பும், நீங்களும் தப்புவீர்கள். நான் விலை கூடிய டயருக்காக வாதாடுவது இதற்காகத்தான். சத்தம் குறைவு, சொகுசு அதிகம் என்பதற்காக அல்ல.

கிரவல் வீதியில் கணக்கு வேறு. ஒட்டுசுட்டான் உள்வீதிகளில் டயர் தேய்ந்து முடிவதற்கு முன்பே கல் வெட்டி முடித்துவிடும். பக்கச்சுவர் வெட்டுப்பட்டால் ஒட்டுப்போட முடியாது, எவ்வளவு விலை கொடுத்த டயரானாலும் கழற்றி எறிய வேண்டியதுதான். அங்கே ஓடுபவர்கள் பக்கச்சுவர் தடித்த நடுத்தர விலை டயரைப் பூட்டுங்கள், மிச்சக் காசில் நல்ல ஸ்பெயார் டயர் ஒன்று வைத்திருங்கள்.

ஜப்பானில் பாவித்த டயர் என்று மலிவாகத் தருவதை வாங்குமுன் ‘ஸ்டட்லெஸ்’ என்று எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது பனிக்காலத்துக்கான மென்மையான ரப்பர். வன்னி வெயிலில் கடகடவென்று தேயும், மழையில் வழுக்கும். பார்ப்பதற்குப் புதிது போலவே இருப்பதுதான் ஆபத்து.

புது டயருக்கும் வயது உண்டு. பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. தகரக்கூரைக்குக் கீழே வருடக்கணக்கில் கிடந்த பெரிய நிறுவன டயரைவிட, இந்த வருடம் செய்த நடுத்தர டயரையே நான் எடுப்பேன்.

நான்கையும் ஒன்றாக மாற்றக் காசு இல்லையென்றால் இரண்டை மாற்றுங்கள். புது டயர் இரண்டையும் பின்பக்கம் பூட்டச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கும் கார் என்றால் முன்னுக்குத்தான் பூட்ட வேண்டும் என்று கடையில் சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். மழையில் முன்டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துக் காரைப் பிடித்துவிடலாம், பின்டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.