பரணில் கிடைத்த பண்ணைக் கணக்கு

கேள்வி (மன்னார்குடியிலிருந்து): தாத்தா வீட்டுப் பரணில் ஒரு கணக்குப் புத்தகம் கிடைத்தது. ஒருவர் பெயரில் "கல்யாணச் செலவுக்கு" என்று எழுதிய கடன், சில பக்கங்கள் தள்ளி அவர் மகன் பெயருக்கு மாறியிருக்கிறது. 1952க்குப் பின் பக்கங்கள் வெறுமையாக உள்ளன. இது கொத்தடிமைக் கணக்கா, ஐயா?

பதில்: ஆம், அதை அப்படியே சொல்லிவிடுவது நல்லது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்துக்குப் பின் ஒருவரை அடிமை என்று நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது. ஆயினும் கடன் என்ற பெயரில் அந்தப் பிணைப்பு நம் வயல்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையதாக இருந்ததால், பண்ணையை விட்டு வெளியேறுவது வீட்டையும் இழப்பதாக முடிந்தது. 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, பல நிலவுடைமையாளர்கள் பண்ணையாட்களை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். உங்கள் புத்தகம் அங்கே நின்றுபோனதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். நெல் அளந்ததைத்தான் இத்தகைய கணக்குகள் காட்டும். சவுக்கடியும், தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்த சாணிப்பாலும் அவற்றில் பதிவாவதில்லை என்பதை வாசிக்கும்போது மறவாதீர்கள்.

கேள்வி (அவரே): "அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள்" என்கிறார் அப்பா.

பதில்: அந்த "எல்லாரும்" என்பதில் பண்ணையாட்கள் இல்லை. 1940களிலேயே கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றோரின் துணையுடன் சங்கம் அமைத்து, அடிக்கக் கூடாது, கூலியைக் குறைக்கக் கூடாது என்று இதே ஊர்களில் அவர்கள் எதிர்த்து நின்றார்கள். அப்பாவை வெறுக்கச் சொல்லவில்லை. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கேள்வி (திருவாரூரிலிருந்து): நான் பண்ணையாளின் பேத்தி. பாட்டி பழையதைப் பேசவே மறுக்கிறார். வற்புறுத்தலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. அடித்தவர் வீட்டு மௌனமும் அடிபட்டவர் வீட்டு மௌனமும் ஒன்றல்ல. பாட்டியின் மௌனம் அவருக்குரியது. நடவு எந்த வயலில், குடிசை எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். பேச விருப்பம் வந்தால் அவரே தொடர்வார். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று விவசாயக் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட வழக்கில், கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. சொல்லி என்ன பயன் என்று அந்தத் தலைமுறை எண்ணினால் நாம் வியப்படைய முடியாது.

கேள்வி (மன்னார்குடி நண்பர், மீண்டும்): புத்தகத்தை எரித்துவிடவா?

பதில்: தயவுசெய்து எரிக்காதீர்கள். அதில் கடன்பட்டவர்களாக எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தம் பாட்டனாரின் பெயர் எழுதப்பட்ட ஒரே தாள் அதுவாக இருக்கலாம். பக்கங்களைப் படமெடுத்து அவர்களிடம் கொடுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் பெயர்களைப் பொதுவில் வெளியிடாதீர்கள். கூடவே, அவர்கள் குடியிருந்த மனைகள் 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டப்படி அவர்கள் பெயருக்கு மாறினவா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். இன்னும் உங்கள் குடும்பப் பெயரிலேயே ஏதேனும் மனை இருந்தால், மன்னிப்புக் கேட்கப் போகும் முன் அதை எழுதிக்கொடுங்கள்.