குடும்ப வெப்சைட்டின் பெயர் யார் பேரில் இருக்கிறது?

கேள்வி: ஏழு வருடமாக எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு வெப்சைட் வைத்திருக்கிறோம். டாட் காம் பெயர், வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்தது. மாமியாரின் சமையல் குறிப்புகள், தாத்தா பினாங்கிலிருந்து எழுதிய கடிதங்களின் ஸ்கேன், பிள்ளைகள் வரைந்த படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் என் கணவர் அதில் எதையாவது மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆரம்பத்தில் செய்து கொடுத்த டிசைனர்தான் வருடா வருடம் புதுப்பிப்பார். இந்த முறை எஸ்எஸ்எல், மெயின்டனன்ஸ் என்றெல்லாம் தனித்தனியாக பில் போட்டு 18,500 ரூபாய் கேட்கிறார். "டொமைன் என் அக்கவுண்டில் இருக்கிறது, கட்டாவிட்டால் 20 நாளில் எல்லாம் போய்விடும்" என்கிறார். உண்மையிலேயே போய்விடுமா? கேஸ் போட முடியுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பணம் கட்டுவதா வேண்டாமா என்ற பேச்சை இரண்டு நாள் தள்ளி வையுங்கள். உள்ளே இருப்பதை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அதை முடிக்கும்வரை அந்த டிசைனரிடம் சண்டை வேண்டாம், "பார்த்துச் சொல்கிறோம்" என்பதோடு நிறுத்துங்கள். டொமைன், அதாவது சைட்டின் பெயர், அவர் அக்கவுண்டில் இருந்தால் ஹோஸ்டிங்கும், அதாவது பக்கங்களையும் படங்களையும் வைத்திருக்கும் வாடகை இடமும், அநேகமாக அங்கேதான் இருக்கும். கோபம் வந்தால் ஒரே கிளிக்கில் அவரால் மூடிவிட முடியும்.

அவர் "எல்லாம்" என்று ஒரே வார்த்தையில் பயமுறுத்துவது இரண்டு தனித்தனி விஷயம். பெயர் ஒன்று, அந்தப் பெயரை அடித்தால் திறக்கிற பக்கங்களும் படங்களும் இன்னொன்று. பெயர் போனால் வேறு பெயர் வாங்கலாம். பினாங்குக் கடிதம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

உங்கள் கணவரை வேர்ட்பிரஸ்ஸுக்குள் போய் இடது பக்கப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். "டூல்ஸ்" என்பதன் கீழ் "எக்ஸ்போர்ட்" இருக்கிறதா? இருந்தால் உங்கள் கணவர் அட்மின், முழு அதிகாரம் உள்ளவர். இல்லையென்றால் இத்தனை வருடமும் அவருக்கு "எடிட்டர்" உரிமை மட்டும்தான் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எழுதலாம், திருத்தலாம், மொத்தமாக எடுத்துக்கொண்டு போக முடியாது. இப்படிச் செய்கிற டிசைனர்கள் நிறையப் பேர், வாடிக்கையாளருக்கும் அது தெரிவதில்லை.

எக்ஸ்போர்ட் இருந்தால் அமுக்குங்கள், ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் இறங்கும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்த ஃபைலில் எழுத்து மட்டும்தான் இருக்கும். படம் ஒன்றுகூட இருக்காது, படம் எந்த முகவரியில் இருக்கிறது என்ற குறிப்புதான் இருக்கும். அந்த ஃபைலைப் புது இடத்தில் ஏற்றும்போது வேர்ட்பிரஸ் பழைய முகவரிக்குப் போய்ப் படங்களை எடுத்துவரப் பார்க்கும். பழைய சைட் மூடிய பிறகு ஏற்றினால் சமையல் குறிப்பு வரும், தாத்தாவின் கையெழுத்து வராது. அதனால் புது ஹோஸ்டிங் ஒன்று வாங்கி, பழையது உயிரோடு இருக்கிற இந்த 20 நாளுக்குள்ளேயே ஏற்றுங்கள். "இணைப்புகளையும் இறக்கு" என்ற பொருளில் ஒரு சின்னக் கட்டம் வரும், அதை டிக் செய்ய மறக்காதீர்கள்.

எக்ஸ்போர்ட் இல்லையென்றால் ஒவ்வொரு பக்கமாக பிரவுசரில் சேமிக்க வேண்டியதுதான். ஒரு வாரம் பிடித்தாலும் செய்யுங்கள். படங்களைச் சேமிக்கும்போது பெயரின் கடைசியில் 300x200 மாதிரி எண் இருந்தால் அது வேர்ட்பிரஸ் தானாகச் செய்துகொண்ட சின்னப் பிரதி. முகவரியில் அந்த எண்ணையும் அதற்கு முன்னால் இருக்கும் கோட்டையும் அழித்துவிட்டுத் திறந்தால் பெரிய படம் வரும். கடிதத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் பின்னாளில் யாராவது படிக்கவேண்டுமே.

இப்போது அந்த பில். டாட் காம் பெயர் புதுப்பிக்க வருடத்துக்கு ஏறக்குறைய ஆயிரத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு ரூபாய், மேலே ஜிஎஸ்டி. ஒரு குடும்ப சைட்டுக்கான ஹோஸ்டிங் சில ஆயிரம். எஸ்எஸ்எல் என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறாரே, அது சைட்டுக்கான பாதுகாப்புச் சான்றிதழ், அதை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது. பெரும்பாலான ஹோஸ்டிங்குகளில் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். மெயின்டனன்ஸ் என்றால் என்ன செய்தார் என்று கேளுங்கள். எத்தனை பேக்கப் எடுத்தார், அவை எங்கே இருக்கின்றன? பதில் சொல்லமுடிந்தால் அந்தக் காசு நியாயம்.

ஆனால் பில்லைவிடப் பெரிய அநியாயம், உங்கள் சைட்டின் பெயரைத் தன் பேரில் பதிவுசெய்தது. மனைக்குப் பணம் நீங்கள் கொடுத்து, பத்திரத்தைப் புரோக்கர் தன் பேரில் எழுதிக்கொண்ட கதைதான் இது. அதையே மனையில் செய்தால் ஊரே கூடிக் கேட்கும். டொமைனில் செய்தால் "சார், அதெல்லாம் டெக்னிக்கல், நான் பார்த்துக்கறேன்" என்று முடிந்துவிடுகிறது. கல்யாண போட்டோகிராபர், பள்ளிக்கூட சைட் செய்கிறவர், தெருமுனை கம்ப்யூட்டர் சென்டர் என்று யார் செய்து கொடுத்தாலும் கேட்கவேண்டிய முதல் கேள்வி: பதிவில் யார் பெயர், யார் இமெயில்? அதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

யார் பேரில் இருக்கிறது என்று நாமே பார்க்கலாமே என்பீர்கள். உலக அளவில் டொமைன்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் உங்கள் சைட்டின் பெயரைப் போட்டால் எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, என்று காலாவதி என்பது தெரியும். அவர் சொன்ன 20 நாள் சரிதானா என்று அதில் பாருங்கள். உரிமையாளர் பெயர் வரும் இடத்தில் மட்டும் அநேகமாக "தனியுரிமைக்காக மறைக்கப்பட்டது" என்றுதான் இருக்கும். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இப்படித்தான். தன் சைட்டின் பெயர் தன்னிடம் இருக்கிறதா என்று ஒரு குடும்பம் தெரிந்துகொள்ளக்கூட இந்த ஏற்பாட்டில் சுலபமான வழி இல்லை. பதிவு நிறுவனத்துக்கு எழுதினால், "பதிவில் உள்ளவர் கேட்டால்தான் செய்வோம்" என்று ஒரு வரி பதில் வரும். சர்வதேசத் தகராறு முறை ஒன்று உண்டு, அது வணிகச் சின்னம் வைத்திருப்பவர்களுக்கானது. வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் ஒரு நடுவரோடு வழக்கு போடவே 1,500 டாலர் கட்டணம். குடும்ப சைட்டின் பெயரைக் காப்பாற்ற நினைப்பவர்களை மனதில் வைத்து இந்த விதிகளை யாரும் எழுதவில்லை. வருடக்கணக்காக இதைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

கேஸ் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இத்தனை வருடமும் பணம் அனுப்பிய ஜிபே பதிவுகள், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். ஆனால் இந்த மாதிரிப் புகாரை மூன்று மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்று சட்டமே சொல்கிறது, நடப்பில் அதைவிட இழுக்கும். உங்கள் 20 நாள் அதற்குக் காத்திருக்காது.

அதனால் பெயரை விட்டுவிடலாம் என்பதுதான் பொதுவாக என் பதில். ஒரே ஒரு நிலைமையில் விடக்கூடாது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை, அதுதான் எனக்குக் கவலை. அந்த டொமைன் பெயரில் முடிகிற இமெயில் முகவரி வீட்டில் யாருக்காவது இருக்கிறதா? உங்கள் கணவருக்கோ மாமனாருக்கோ? அந்த முகவரியை வங்கியில் கொடுத்திருக்கிறார்களா? வருமான வரிக் கணக்கில், பிஎஃப் கணக்கில், மியூச்சுவல் ஃபண்டில், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில்? உங்கள் ஜிமெயிலின் மீட்பு முகவரியாக அது இருக்கிறதா?

இருந்தால் பெயர் போகும்போது கூடவே சாவிக்கொத்தும் போகிறது. காலாவதியான பெயரை எவனோ ஒருவன் வாங்கி, அதில் இமெயில் பெட்டி திறந்துவிட்டால் உங்கள் மாமனாருக்கு வரும் கடிதமெல்லாம் அவனுக்குப் போகும். "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அமுக்கினால் மாற்றும் லிங்க்கும் அவனிடமே வந்துசேரும். அவன் எந்தப் பூட்டையும் உடைக்கவேண்டியதில்லை. உங்கள் பெயரை முறைப்படி காசு கொடுத்து வாங்கியவனாகவே இருப்பான். அதனால் அப்படி ஓர் இமெயில் இருந்தால், கேட்கிற பணம் அநியாயமானாலும் ஒரு வருடத்துக்குக் கட்டிப் பெயரைக் காப்பாற்றுங்கள். அந்த ஒரு வருடத்துக்குள் எல்லா இடத்திலும் முகவரியை மாற்றுங்கள். மாற்றி முடித்த பிறகும் உடனே விட்டுவிடாதீர்கள், மறந்துபோன ஏதோ ஒரு கணக்கு வருடத்துக்கு ஒருமுறைதான் கடிதம் போடும்.

கட்டுவதென்று முடிவானாலும் சும்மா கட்டவேண்டாம். டொமைன் இருக்கும் அதே நிறுவனத்தில் உங்கள் பேரில் ஓர் அக்கவுண்ட் திறந்து, "இதற்கு மாற்றிவிடுங்கள், மாறியது தெரிந்ததும் பணம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். ஒரே நிறுவனத்துக்குள் மாற்றுவது பெரும்பாலும் சில நிமிட வேலை. வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதென்றால் ரகசியக் குறியீடு வேண்டும், நாளாகும், இப்போது அந்த வம்பு வேண்டாம். காலாவதித் தேதி தாண்டியும் சில வாரம் பெயரை மீட்க முடியும், ஆனால் கட்டணம் பல மடங்கு ஏறக்கூடும். சில நிறுவனங்கள் அதற்குள் ஏலமும் விட்டுவிடும். அதை நம்பி இருக்காதீர்கள்.

புதுப் பெயர் வாங்கினால் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள். டாட் காமுக்குப் பத்து வருடம்வரை கட்டலாம். ஆட்டோ ரினியூவல் போட்டோமே என்று நிம்மதியாக இருக்கவும் கூடாது. 2021 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிக்குப் பிறகு, முன் ஒப்புதல் பதிவாகாத கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முடியாது. வெளிநாட்டு நிறுவனங்களில் இது அடிக்கடி தோற்றுப்போகிறது. பதிவில் கொடுக்கும் இமெயில் அந்த டொமைனிலேயே இருக்கக்கூடாது, சாதாரண ஜிமெயில் போதும். பாஸ்வேர்டு உங்கள் கணவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது, உங்கள் கையிலும் ஒரு பிரதி இருக்கட்டும். இந்தக் கடிதத்தை எழுதியவர் நீங்கள்தான் என்பதால், அக்கவுண்டையே உங்கள் பேரில் திறந்தாலும் எனக்குச் சம்மதம்.