ரயிலா, காரா, படகா? நார்வே பயணக் கேள்விகள்

கோடையில் நார்வே போகத் திட்டமிடும் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பாதி, அங்கே ஊர்விட்டு ஊர் எப்படிப் போவது என்பதைப் பற்றியவை. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில். விலை வரும் இடங்களில் ஒரு குரோனரை எட்டு, ஒன்பது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் பயணம். ஒஸ்லோ, பெர்கன், ஓலசுண்ட் மூன்றும் பார்க்க வேண்டும். ஒஸ்லோவில் இறங்கியதுமே வாடகைக் கார் எடுத்துவிட்டால் வசதிதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

வசதி இல்லை, செலவுதான். ஒஸ்லோவுக்குள் காருக்கு வேலையே கிடையாது. உள்ளே நுழையச் சுங்கம், நிறுத்துவதற்குத் தனிக் கட்டணம், போதாக்குறைக்கு டிராம் தண்டவாளங்கள். ஒஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ரயிலில் ஆறரை முதல் ஏழு மணி நேரம். காரில் போனாலும் ஏழு மணிக்குக் குறையாது. அப்படியிருக்க ரயிலை விடுவானேன்? 1909-இல் திறந்த அந்தப் பாதை 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்ஸே என்ற நிலையத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. ஜூன் மாதத்திலும் ஜன்னலுக்கு வெளியே பனி கிடக்கும். சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நாள் நெருங்க நெருங்க மலிவுச் சீட்டுகள் தீர்ந்து, அதே இருக்கை இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும்.

வழியில் மீர்டால் நிலையத்தில் மாறி ஃப்ளோம் என்ற சிற்றூருக்கு இறங்குவதையும் திட்டத்தில் சேர்க்கலாம். 20 கிலோமீட்டர் ரயில் பாதை, 866 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டம் வரை, ஒரு மணி நேரப் பயணம். ஃப்ளோமிலிருந்து குட்வாங்கனுக்குப் படகில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து வோஸுக்குப் பஸ், வோஸிலிருந்து பெர்கனுக்கு மறுபடி ரயில். இதை ஒரே தொகுப்பாக விற்கிறார்கள். ஒவ்வொரு துண்டையும் நீங்களே தனித்தனியாகவும் வாங்கலாம். அப்படி வாங்கும்போது ஃப்ளோம் ரயிலை முதலில் உறுதி செய்யுங்கள். ஜூலையில் முதலில் தீர்வது அதுதான்.

கார் தேவைப்படுவது பெர்கனுக்கு அப்பால். பெர்கனிலிருந்து ஓலசுண்டுக்கு இ39 சாலை வழியே சுமார் 400 கிலோமீட்டர். நம்மூர் நாற்கரச் சாலைக் கணக்குப் போட்டு மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஊருக்கு வெளியே பொது வேக வரம்பே 80. ஊர் வந்தால் 50, அல்லது 30. நடுவில் மூன்று இடங்களில் கார் கப்பலில் ஏற வேண்டும்: ஓப்பெடால்–லாவிக், ஆண்டா–லோட்டே, ஃபெஸ்டயா–சோலாவோகன். ஒவ்வொன்றும் பத்து, இருபது நிமிடப் பயணம்தான். ஆனால் கண்ணெதிரே ஒரு கப்பல் கிளம்பிவிட்டால் அடுத்தது வரும்வரை நிற்க வேண்டும். முழுநாள் பிடிக்கும். இடையில் ஓர் இரவு தங்குவது உத்தமம். நார்வேயில் வழி விசாரித்தால் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

இந்தக் கப்பல்களுக்கு முன்பதிவு தேவையில்லை. துறையில் கோடு போட்ட தடத்தில் வரிசையாக நின்று, ஊழியர் கை காட்டியதும் ஏற்றி, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். வண்டி எண்ணைக் கேமரா படித்துக்கொள்ளும். கட்டணம் பிறகு வரும்.

இன்னொன்று: காரைப் பெர்கனில் எடுத்து ஓலசுண்டில் விட்டால், வேறு ஊரில் ஒப்படைப்பதற்கென்று ஒரு பெரிய தொகை ஏறும். எடுத்த ஊரிலேயே திருப்பி விடும்படி வட்டமாகத் திட்டமிட முடிகிறதா என்று பாருங்கள்.

விமான நிலையத்திலிருந்து ஒஸ்லோ நகரத்துக்கு எது மலிவு?
– வாசகி, சென்னை

கார்டர்மூன் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். அங்கே இரண்டு வகை வண்டி. ஃப்ளீடோகெட் என்ற விமான நிலைய விரைவு ரயில் 20 நிமிடத்தில் போகும். சாதாரண ‘வீ’ ரயிலுக்கு (ஆங்கிலத்தில் வி, ஒய் என்ற இரண்டே எழுத்துதான் பெயர்) 23 நிமிடம். கட்டணம் கிட்டத்தட்ட பாதி. மூன்று நிமிடத்துக்கு அவ்வளவு பணம் ஏன்?

தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விரைவு ரயிலின் வாயிலில் அட்டை தேய்க்கும் இயந்திரங்கள் கண்ணைப் பறிக்கும்படி இருக்கும். கூட்டத்தோடு கூட்டமாக அங்கே வங்கி அட்டையைக் காட்டிவிட்டால் விரைவு ரயில் கட்டணம் கழிந்துவிடும். நேராக ‘வீ’ இயந்திரத்துக்குப் போங்கள், அல்லது ஒஸ்லோ நகரப் போக்குவரத்து நிறுவனமான ரூட்டரின் ஆப்பில் மண்டலச் சீட்டு எடுங்கள். அதே சீட்டில் நகரத்தில் இறங்கி மெட்ரோவும் ஏறலாம்.

மகள் ஒஸ்லோவில இருக்கிறா. எனக்கு 68 வயது. அவ வேலைக்குப் போனாப் பிறகு நான் தனியப் பஸ்ஸில ஏறித் திரியலாமோ? நோர்வேயில ரிக்கற் எங்க எடுக்கிறது?
– வாசகி, யாழ்ப்பாணம்

தாராளமாகப் போகலாம், அம்மா. பஸ், டிராம், மெட்ரோ, தீவுகளுக்குப் போகும் படகு எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. ஒஸ்லோ நகரம் முழுதும் முதலாம் மண்டலம். ஒரு மணி நேரச் சீட்டு பெரியவர்களுக்கு 40 குரோனருக்குச் சற்று மேல். 67 வயது ஆனவர்களுக்குப் பாதி விலை, ஆகவே ரூட்டர் ஆப்பில் ‘ஹொன்னர்’ (மூத்தோர்) என்ற வகையைத் தேர்ந்தெடுத்துத் தர மகளிடம் சொல்லுங்கள். ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் ஏறுவதானால் 24 மணி நேரச் சீட்டு லாபம்.

மெட்ரோவில் சீட்டைச் சோதிக்கும் கதவு எதுவும் கிடையாது. அதனால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பரிசோதகர்கள் சாதாரண உடையிலும் வருவார்கள். அபராதம் ஆயிரம் குரோனர் அளவில். ஏறிய பிறகு ஆப்பைத் திறந்து வாங்குவதும் சீட்டில்லாப் பயணமாகவே எடுக்கப்படும். முதலில் சீட்டு, பிறகு படி.

மெட்ரோவின் ஐந்து வழித்தடங்களும் நகர நடுவில் ஒரே சுரங்கத்தில்தான் ஓடுகின்றன. மையூர்ஸ்தூவனுக்கும் தோயனுக்கும் இடையில் எதில் ஏறினாலும் சரி. அதைத் தாண்டினால் வண்டியின் நெற்றியில் எழுதிய கடைசி நிலையத்தின் பெயரைப் பார்த்து ஏற வேண்டும். மகள் வீட்டுப் பக்கம் போகும் வண்டியின் எண்ணையும் கடைசி நிலையத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமம் போதுமா?
– வாசகர், திருச்சி

சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கூடவே கொண்டுபோங்கள். வாடகை நிறுவனங்கள் கேட்கும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ.வில் வாங்கலாம், ஓராண்டு செல்லும். மூல உரிமம் இல்லாமல் அது வெறும் காகிதம் என்பதையும் மறக்க வேண்டாம். குடியேறிப் போகிறவர்களுக்கு இது மூன்று மாதத்துக்குத்தான். அதன்பின் நார்வே உரிமம் வேண்டும்.

வாடகை மேசையில் உரிமத்தைவிட அட்டைதான் அதிகம் தகராறு செய்யும். முன்பணம் பிடித்து வைக்க ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். பயண ஃபாரெக்ஸ் அட்டையை நம்பிப் போகாதீர்கள்.

சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் மாதிரி ஏதாவது வாங்க வேண்டுமா?
– வாசகர், மதுரை

சாவடியே கிடையாது. சாலைக்கு மேலே கம்பத்தில் கேமரா, பக்கத்தில் கட்டணம் எழுதிய பலகை, அவ்வளவுதான். நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள். வாடகைக் காரின் முன்கண்ணாடியில் ஆட்டோபாஸ் சில்லு ஒட்டியிருக்கும். பணம் சில வாரம் கழித்து உங்கள் அட்டையில், நிறுவனத்தின் சேவைக் கட்டணத்தோடு கழியும். ஊர் திரும்பிய பின் திடீரென்று பணம் போனால் பதறாதீர்கள். கடந்த இடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

வலப்பக்கம் ஓட்டுவது பழகிவிடும் என்கிறார்கள். வேறு எதில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்?
– வாசகர், பெங்களூரு

வலக்கை விதியில். வலப்பக்கச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். நீங்கள் அகலமான தெருவில் நேராகப் போகிறீர்கள், அவர் குறுகிய சந்திலிருந்து எட்டிப் பார்க்கிறார் என்றாலும் வழி அவருக்கே. உங்களுக்கு முன்னுரிமை உண்டென்றால் வெள்ளை விளிம்பு போட்ட மஞ்சள் சாய்சதுரப் பலகை இருக்கும். அந்தப் பலகை இல்லாத குடியிருப்புத் தெருக்களில், குறிப்பாக 30 வேகப் பகுதிகளில், ஒவ்வொரு சந்திலும் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்து வலப்பக்கம் பாருங்கள். அந்த ஊர்க்காரர் நிறுத்தமாட்டார்; நீங்கள் நிறுத்துவீர்கள் என்ற நம்பிக்கையில் வந்துகொண்டே இருப்பார். ரவுண்டானாவில் மட்டும் இது தலைகீழ்: உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு, அதாவது இடப்பக்கத்திலிருந்து வருபவருக்கு, வழி.

பாதசாரிக் கோட்டருகே ஒருவர் கடக்க வந்து நின்றாலே வண்டி நின்றுவிட வேண்டும். ஹாரன் அடித்து ஒதுக்குவதெல்லாம் நடக்காது. பட்டப்பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். மது அளவு 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லிகிராம், இந்தியாவில் 30. ஒரு பீர் என்பதே அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகக் கேமராவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில சாலைகளிலும் சுரங்கங்களிலும் இரண்டு கேமராக்களுக்கு இடையே எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். கேமராவைக் கண்டதும் பிரேக் அடித்து, தாண்டியதும் பறக்கிற தந்திரம் அங்கே செல்லாது. அபராதம் ஆயிரக்கணக்கான குரோனர்.

ட்ரொம்ஸோவுக்கு ரயில் உண்டா?
– வாசகி, சேலம்

இல்லை. ட்ரொன்ஹைமிலிருந்து வடக்கே போகும் பாதை 729 கிலோமீட்டர் ஓடி பூடோவில் முடிகிறது. பூடோ வரை ரயில், பிறகு நார்விக் வழியாக இரண்டு பஸ் என்று போகலாம். நார்விக்குக்கு ரயில் இருக்கிறதே என்று வரைபடத்தைப் பார்த்துக் கேட்பீர்கள். அது ஸ்வீடனிலிருந்து வரும் பாதை, நார்வே ரயில் பாதைகளோடு ஒட்டாது. நாள் குறைவென்றால் ஒஸ்லோவிலிருந்து விமானம், இரண்டு மணி நேரத்துக்குள். நாள் நிறைய இருந்தால் பெர்கனிலிருந்து கிர்கனஸ் வரை 34 துறைகளைத் தொட்டுப் போகும் கடலோரக் கப்பல். 1893 முதல் ஓடும் சேவை. முழுப் பயணச் சீட்டு வாங்க வேண்டியதில்லை, ஒரு துறையில் ஏறி இன்னொரு துறையில் இறங்கவும் சீட்டு தருகிறார்கள்.

என்டூர் ஆப்பில் காட்டிய கிராமத்துப் பஸ் ஞாயிற்றுக்கிழமை வரவே வராதாமே?
– வாசகர், கும்பகோணம்

என்டூர் நார்வே முழுதுக்குமான பஸ், ரயில் நேரங்களைக் காட்டும் ஆப். அதில் பயணம் செய்யும் தேதியைப் போட்டுத் தேடினால் சரியாகவே காட்டும். ஏமாறுவது, நிறுத்தத்தில் ஒட்டிய நேர அட்டவணையைப் பார்ப்பவர்கள்தான். பல கிராமத்துப் பஸ்கள் பள்ளி மாணவர்களுக்காக ஓடுபவை. ‘ஸ்கூலெடாகெர்’ என்ற சொல் அருகில் இருந்தால் பள்ளி நாளில் மட்டும் என்று பொருள். கோடை விடுமுறையில் அந்த வரிசையே இல்லாதது போலத்தான்.

‘பஸ் ஃபோர் டோக்’ என்ற சொல்லையும் தெரிந்து வையுங்கள். ரயிலுக்குப் பதில் பஸ் என்று அர்த்தம். தண்டவாளப் பராமரிப்பைக் கோடையில்தான் அதிகம் செய்கிறார்கள். சீட்டு அதேதான், ஆனால் பஸ் நிற்பது நிலையத்துக்கு வெளியே, நேரமும் கூடும். தொடர்ச்சியாகப் படகோ விமானமோ பிடிக்க வேண்டியிருந்தால் இடைவெளி விடுங்கள்.

24 கிலோமீட்டர் சுரங்கமாமே? நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.
– வாசகி, புதுச்சேரி

லேர்டால் சுரங்கத்தைச் சொல்கிறீர்கள். 24.5 கிலோமீட்டர், 2000-ஆம் ஆண்டு திறந்தது. உங்களைப் போன்றவர்களை நினைத்தே உள்ளே மூன்று இடங்களில் பாறையை அகலக் குடைந்து, நீல விளக்குப் போட்டு, விடியற்கால வெளிச்சம் போலச் செய்திருக்கிறார்கள். இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். புகையோ தீயோ கண்டால் சுவரிலுள்ள அவசரத் தொலைபேசியில் பேசுங்கள். தீயணைப்பானைக் கொக்கியிலிருந்து எடுத்தாலே கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை போய்விடும்.

டிசம்பரில் மலைச்சாலையில் கார் ஓட்ட எண்ணம். வாடகையில் மின்காரே கிடைக்கிறது. எடுக்கலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

2024-இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார், அதனால் சார்ஜ் போட இடம் கிடைக்குமா என்ற பயம் வேண்டாம். குளிர்தான் எதிரி. கடும் குளிரில் ஓட்டத் தூரத்தில் கால்பங்குக்கு மேல் குறையலாம். கிளம்புமுன், சார்ஜரில் மாட்டியபடியே காரைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வேகச் சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் ஆமை வேகம். அங்கேயே கழற்றிவிட்டு அடுத்தவருக்கு வழிவிடுவது மரியாதை.

புயல் நாளில் ஹார்டாங்கர்விடா போன்ற மேட்டுநிலச் சாலைகளில் தடுப்பை இறக்கிவிட்டு, வண்டிகளைத் திரட்டி, பனி தள்ளும் லாரியின் பின்னால் வரிசையாக அனுப்புவார்கள். அந்த வரிசையில் முன் வண்டியின் பின்விளக்கு உங்கள் கண்ணைவிட்டு மறையக் கூடாது. உங்களுடையது பின்னவருக்குத் தெரிய வேண்டும். கோளாறு இங்கேதான்: விளக்கு ‘ஆட்டோ’வில் இருந்தால் பகலில் பல கார்களில் முன்னே மட்டும் எரியும், பின்னே இருட்டு. கையால் திருகிப் போடுங்கள். நடுவில் திரும்பாதீர்கள். நின்றுவிட்டால் நான்கு விளக்கையும் மினுக்கிவிட்டு உள்ளேயே இருங்கள். கோட்டு, கையுறை எல்லாம் டிக்கியில் இல்லாமல் உடம்பில் இருக்கட்டும். சாலை திறந்திருக்கிறதா என்று கேட்க எண் 175.

நிறுத்துமிடப் பலகையில் 8–17, அதற்கடியில் அடைப்புக்குறிக்குள் 8–15. எதை எடுத்துக்கொள்வது?
– வாசகர், ஈரோடு

இரண்டையும். அடைப்புக்குறி இல்லாதது திங்கள் முதல் வெள்ளி வரை, அடைப்புக்குறிக்குள் இருப்பது சனி. சிவப்பில் எழுதியிருந்தால் ஞாயிறும் விடுமுறை நாளும். சந்திப்பிலிருந்தும் பாதசாரிக் கோட்டிலிருந்தும் ஐந்து மீட்டருக்குள் எந்த நாளும் நிறுத்தக் கூடாது.

மான் குறுக்கே வந்தால்?
– வாசகர், திருநெல்வேலி

நம்மூர்ப் புள்ளிமான் அளவில் யோசிக்காதீர்கள். அங்கே வருவது எல்க். குதிரை உயரம், நீண்ட கால்கள். மோதினால் உடல் முன்கண்ணாடியில் வந்து விழும். அந்தி, விடியல் இரண்டு நேரத்திலும் காட்டோரச் சாலையில் வேகத்தைக் குறையுங்கள். ஒன்று கடந்தால் பின்னால் குட்டி இருக்கும் என்று எதிர்பாருங்கள். மோதிவிட்டால், அது எழுந்து காட்டுக்குள் ஓடிவிட்டாலும், 02800 என்ற எண்ணில் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும்; சொல்லாமல் போவது குற்றம். காயம்பட்ட விலங்கைத் தேடி ஆள் அனுப்புவார்கள். அவர்கள் இடத்தைக் கண்டுபிடிக்க, பக்கத்து மரக்கிளையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டுப் போங்கள்.