சட்டத் திண்ணை: மூட் கோர்ட் பயிற்சிக்கு வக்கீல்தான் வேண்டுமா?

கேள்வி: பேத்தியின் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் தேசியப் பள்ளிகள் மூட் கோர்ட் (கற்பனை வழக்கில் வக்கீல் போல வாதாடும்) போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி தர ஆள் இல்லையென்று ஆசிரியை என்னைக் கேட்கிறார். நான் தையல் ஃபேக்டரியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள், சட்டம் தெரியாது. ஒத்துக்கொள்ளலாமா ஐயா? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: தாராளமாக ஒத்துக்கொள்ளுங்கள் அம்மா. டர்பன் கோர்ட்டுகளில் காலம் தள்ளிய வக்கீல் சொல்கிறேன், இந்த வேலைக்கு எங்கள் ஆட்களைவிட நீங்கள் மேல். வக்கீல் கையில் பேனா கிடைத்தால் பிள்ளையின் கட்டுரை பத்து நிமிடத்தில் வக்கீலின் கட்டுரையாகிவிடும்.

பாடப் புத்தகம் ஒன்றுதான்: தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பின் இரண்டாம் அத்தியாயமான உரிமைகள் சாசனம். கற்பனை வழக்கைப் போட்டி நடத்துபவர்களே தந்துவிடுவார்கள். அணிக்கு இருவர். மனுதாரருக்காக ஒரு கட்டுரை, எதிர்த்தரப்புக்காக ஒரு கட்டுரை எழுத வேண்டும். அது தேறினால்தான் நேரில் வாதம். இறுதிச் சுற்று ஜோகன்னஸ்பர்க்கில், அரசியலமைப்பு நீதிமன்றத்திலேயே நடக்கும்.

பிள்ளைகள் திணறுவது இரண்டாவது கட்டுரையில்தான். நம்மவர் வழக்கையே எடுங்கள். டர்பனில் ஒரு பெண்கள் பள்ளிக்குச் சுனாலி பிள்ளை மூக்குத்தியோடு வந்தார், பள்ளி கழற்றச் சொன்னது. பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றம் பள்ளி பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் அது மாறி, 2007 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றமும் மாணவி பக்கமே தீர்ப்பளித்தது. மூக்குத்தி மதக் கட்டாயமாக இல்லாவிட்டாலும், விரும்பிப் பின்பற்றும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றார் தலைமை நீதிபதி பயஸ் லங்கா.

இதைத் தமிழ்ப் பிள்ளையிடம் கொடுத்தால் மூக்குத்திக்குக் கொடி பிடிக்கும். பிடிக்கட்டும். அப்புறம் அதே பிள்ளையைப் பள்ளிக்காகப் பேசச் சொல்லுங்கள். இன்று மூக்குத்தி, நாளை சடைமுடி, மறுநாள் பச்சை குத்தல் என்றால் எங்கே நிறுத்துவது? பள்ளித் தரப்பு இப்படித்தான் கேட்டது. மதமும் பண்பாடும் வெளியே தெரிவது அஞ்ச வேண்டியது அல்ல, கொண்டாட வேண்டியது என்று லங்கா பதில் எழுதினார். தீர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது, அந்தப் பகுதியைப் பிள்ளைகளே தேடிப் படிக்கட்டும்.

அரசியலமைப்பின் 36ஆம் பிரிவையும் விடாதீர்கள். உரிமைகளுக்கு வரம்பு போடலாம், ஆனால் அது நியாயமானதாக இருக்க வேண்டும் என்கிறது அது. அதே நோக்கத்தை உரிமையை இவ்வளவு பறிக்காமல் அடைய வழி உண்டா என்பதும் அங்கே எழும் கேள்வி. பாதி வாதம் அதில் அடங்கிவிடும்.

வாதப் பயிற்சியில் நீதிபதியாக நீங்களே உட்காருங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை மூன்றாவது வாக்கியத்தைத் தொடும்போதே குறுக்கிடுங்கள். வவுச்சர் எங்கே என்று கேட்டுப் பழகியவர் நீங்கள், அதே குரல் போதும். பதில் தெரியாமல் பிள்ளை முழித்தால் எடுத்துக் கொடுக்காதீர்கள். 'யோசிக்க ஒரு நொடி தாருங்கள்' என்று நீதிபதியிடம் கேட்கப் பழக்குங்கள். ஆங்கிலத்தில் வாதாடினாலும் வீட்டில் தமிழிலோ ஜூலுவிலோ தாத்தா பாட்டிக்கு வழக்கை விளக்கிவிட்டு வரச் சொல்லுங்கள், எங்கே புரியவில்லை என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

கேள்வி: அவர்களை வீட்டுக்கே வரச் சொல்லலாமா? (அதே வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. பள்ளியில், ஆசிரியை இருக்கும்போது நடத்துங்கள். பிள்ளைகளோடு வேலை செய்பவர்களின் பெயர் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் இல்லை என்று சரிபார்க்கச் சட்டம் கேட்கிறது. பள்ளி படிவம் நீட்டினால் கோபப்படாமல் நிரப்பிக் கொடுங்கள். பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பியது) வாங்கித் தர ஆசையா? பள்ளிக்கே கொண்டுபோங்கள்.